சோதனைக் குழாயில் சர்க்கரையை அடையாளம் காண்பது எப்படி?

மேசையில் ஐந்து சோதனைக் குழாய்கள் இருக்கின்றன. ஐந்திலும் தண்ணீர் போலத் தெளிந்த கரைசல். குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், சுக்ரோஸ், லாக்டோஸ், மால்டோஸ் என ஒவ்வொன்றிலும் ஒரு சர்க்கரை. எதில் எது என்று எழுதி ஒட்டியிருந்த சீட்டுகள் ஈரத்தில் ஊறி விழுந்துவிட்டன. நிறத்தில் வேறுபாடு இல்லை, மணமும் இல்லை. நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றும். ஆய்வகத்தில் எதையும் நாக்கில் வைக்கக் கூடாது. வைத்தாலும் இனிப்பு என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

இந்த ஐந்து குழாய்களுக்கும் மறுபடி பெயர் எழுத முடியும். அதற்குத் தேவையான சோதனைகளைப் பள்ளி, கல்லூரி ஆய்வகங்களில் செய்கிறோம். ஆனால் பெரும்பாலோர் அவற்றை ஒரு நிறப்பட்டியலாகவே மனப்பாடம் செய்கிறார்கள்: மோலிஷ் என்றால் ஊதா, பெனடிக்ட் என்றால் செங்கல் சிவப்பு, அயோடின் என்றால் கருநீலம். பட்டியல் ஒரு வாரத்தில் மறந்துபோகும். எந்தச் சோதனையும் சர்க்கரையின் பெயரைச் சொல்வதில்லை என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சோதனையும் மூலக்கூறிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறது. நிறம் அந்த ஒரு கேள்விக்கான ஆம் அல்லது இல்லை. கேள்வி என்ன என்று தெரிந்துவிட்டால் நிறத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

வளையமும் சங்கிலியும்

கேள்விகளைப் புரிந்துகொள்ள, சர்க்கரையின் உடலமைப்பைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். குளுக்கோஸில் 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன் அணுக்கள். ஃப்ரக்டோஸிலும் அதே எண்ணிக்கைதான். ஆறு கார்பன்களும் வரிசையாகச் சங்கிலி போல நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். குளுக்கோஸில் சங்கிலியின் நுனியில், அதாவது முதல் கார்பனில், ஆல்டிஹைடு தொகுதி இருக்கிறது. ஃப்ரக்டோஸில் இரண்டாவது கார்பனில் கீட்டோன் தொகுதி இருக்கிறது. மற்ற கார்பன்களில் ஹைட்ராக்சில் தொகுதிகள். முதல் வகையை ஆல்டோஸ் என்றும், இரண்டாவது வகையைக் கீட்டோஸ் என்றும் சொல்கிறோம்.

ஆனால் தண்ணீரில் கரைந்த குளுக்கோஸ் இப்படிச் சங்கிலியாக நீட்டிக்கொண்டு நிற்பதில்லை. ஐந்தாவது கார்பனில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதி திரும்பி வந்து முதல் கார்பனைப் பிடித்துக்கொள்கிறது, மூலக்கூறு வளையமாகிவிடுகிறது. கரைசலில் உள்ள குளுக்கோஸ் மூலக்கூறுகளில் ஆயிரத்தில் ஒன்று கூட எந்த நேரத்திலும் திறந்த சங்கிலியாக இருப்பதில்லை. பிறகு எப்படி அது ஆல்டிஹைடு போல வினைபுரிகிறது? வளையம் பூட்டப்பட்டதில்லை. திறந்து மூடி, திறந்து மூடிக்கொண்டே இருக்கிறது. திறந்திருக்கும் சிலவற்றை வினைப்பான் பிடித்துத் தின்றுவிட்டால், அந்தச் சமநிலையைச் சரிசெய்ய மற்ற வளையங்கள் திறக்கின்றன. இப்படியே கடைசி மூலக்கூறு வரை போகும்.

இதில் நுணுக்கமான ஒரு சான்று உண்டு. ஆல்டிஹைடுகளைக் கண்டுபிடிக்க ஷிஃப் சோதனை என்று ஒன்று இருக்கிறது. சாதாரண ஆல்டிஹைடு அதில் இளஞ்சிவப்பு நிறம் தரும். குளுக்கோஸோ தராது. திறந்த சங்கிலியின் அளவு அவ்வளவு குறைவு. ஆல்டிஹைடு இருக்கிறது, ஆனால் ஒளிந்திருக்கிறது என்று நினைவில் வையுங்கள். பின்னால் வரும் பல விஷயங்கள் இதிலிருந்தே விளங்கும்.

சர்க்கரைதானா என்ற முதல் கேள்வி

ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஹான்ஸ் மோலிஷ் 1886-இல் வெளியிட்ட சோதனை எல்லாவற்றுக்கும் முன்னால் வரும். அது கேட்பது இவ்வளவுதான்: இந்தக் கரைசலில் கார்போஹைட்ரேட் ஏதாவது இருக்கிறதா?

செய்முறையை ஒருமுறை நிதானமாகப் பார்ப்போம். சோதனைக் குழாயில் 2 மில்லி லிட்டர் கரைசல். அதில் ஆல்கஹாலில் கரைத்த ஆல்ஃபா நாஃப்தால் இரண்டு துளி. கலக்கினால் லேசாகக் கலங்கும், அது பரவாயில்லை. இப்போது குழாயைச் சாய்த்துப் பிடித்து, அடர் கந்தக அமிலத்தைக் குழாயின் உட்சுவர் வழியே மெதுவாக வழியவிட வேண்டும். அமிலம் தண்ணீரைவிடக் கனமானது. சுவரோடு இறங்கி, கரைசலுக்கு அடியில் போய்த் தனி அடுக்காகப் படுத்துக்கொள்ளும். குழாயை நிமிர்த்திக் கண்ணுக்கு நேராகப் பிடித்தால் இரண்டு அடுக்குகளும் சந்திக்கும் இடத்தில் முதலில் ஒரு மெல்லிய கோடு தெரியும். பிறகு அந்தக் கோடு சிவந்து, ஊதாவாகி, மோதிரம் போலத் தடிக்கும். அவசரப்பட்டு அமிலத்தைக் கொட்டினாலோ, குழாயைக் குலுக்கினாலோ வளையம் கிடைக்காது. அதைவிட முக்கியம், அடர் அமிலம் தண்ணீரோடு திடீரெனக் கலந்தால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி அணியாமல் இந்தச் சோதனையைத் தொடவே வேண்டாம்.

அந்த ஊதா எங்கிருந்து வந்தது? கந்தக அமிலம் சர்க்கரையிலிருந்து மூன்று நீர் மூலக்கூறுகளைப் பிடுங்கிக்கொள்கிறது. ஐந்து கார்பன் சர்க்கரை ஃபர்ஃபுரால் ஆகிறது. ஆறு கார்பன் சர்க்கரை ஹைட்ராக்சிமெத்தில் ஃபர்ஃபுரால் ஆகிறது. இவை நாஃப்தாலோடு சேர்ந்து நிறப்பொருளைத் தருகின்றன. இரண்டு சர்க்கரை அலகுகள் இணைந்த சுக்ரோஸ் போன்ற இரட்டைச் சர்க்கரையையும், ஸ்டார்ச் போன்ற நீண்ட சங்கிலியையும் அமிலம் முதலில் வெட்டி ஒற்றைச் சர்க்கரையாக்கிவிடும். அதனால் இந்தச் சோதனைக்கு எல்லாமே ஆம்.

எல்லாமே என்று சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வடிதாளும் பருத்தியும் செல்லுலோஸ்; செல்லுலோஸும் கார்போஹைட்ரேட். வடிகட்டிய கரைசலில் வடிதாளின் நார் ஒன்று விழுந்திருந்தால் கூட ஊதா தெரியும். குழாயைத் துணியால் துடைத்து, அந்த இழை உள்ளே ஒட்டியிருந்தாலும் அதே கதி.

தாமிரம் சொல்லும் கதை

பாடத்தின் நடுநாயகம் தாமிரச் சோதனைகள். இங்கே கேள்வி: இந்தச் சர்க்கரையால் வளையத்தைத் திறந்து, எலக்ட்ரான் கொடுக்க முடியுமா? முடியும் என்றால் அது ஒடுக்கும் சர்க்கரை. இது எந்தச் சர்க்கரையை அடக்கி ஒடுக்குகிறது என்று புதிதாகப் படிப்பவர்கள் குழம்புவார்கள். சர்க்கரை மற்ற பொருளை ஒடுக்குகிறது, அதாவது அதற்கு எலக்ட்ரானைத் தருகிறது; தான் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. தாமிரச் சோதனையில் நீல நிறமுள்ள இரண்டு மின்சுமைத் தாமிர அயனி ஓர் எலக்ட்ரானை வாங்கி ஒரு மின்சுமை அயனியாகிறது. அது குப்ரஸ் ஆக்சைடாக, செங்கல் சிவப்பு வீழ்படிவாக அடியில் தங்குகிறது.

மயில்துத்தக் கரைசலில் காரத்தைச் சேர்த்துச் சர்க்கரையோடு சூடாக்கும் சோதனையை டிரோமர் 1841-இலேயே செய்திருந்தார். அதில் ஒரு தொல்லை இருந்தது. மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், காரத்தில் பட்டவுடன் காப்பர் ஹைட்ராக்சைடாக வீழ்படிந்துவிடும். சூடாக்கினால் அது கறுத்துக் காப்பர் ஆக்சைடாகும். சர்க்கரை குறைவாக இருந்தால் இந்தக் கறுப்பில் சிவப்பு மறைந்துபோகும். ஆனால் கார ஊடகமும் அவசியம். அதில்தான் சர்க்கரை எளிதில் எலக்ட்ரானைத் தரும். காரமும் வேண்டும், தாமிரமும் கரைசலில் தங்க வேண்டும். எப்படி?

ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் ஃபான் ஃபெலிங் 1849-இல் இதற்கு வழி சொன்னார். ரோஷெல் உப்பு எனப்படும் சோடியம் பொட்டாசியம் டார்ட்ரேட்டைச் சேர்த்தார். டார்ட்ரேட் தாமிர அயனியை இரண்டு பக்கமும் பிடித்துக் கரைசலிலேயே வைத்திருக்கும், வீழ்படிய விடாது. அடர்ந்த அழகான நீலம் கிடைக்கும். ஆனால் கலந்து வைத்தால் நாளடைவில் கெட்டுவிடும். அதனால்தான் ஃபெலிங் ஏ, ஃபெலிங் பி என்று இரண்டு புட்டிகள். ஏ புட்டியில் காப்பர் சல்பேட், பி புட்டியில் ரோஷெல் உப்பும் சோடியம் ஹைட்ராக்சைடும். சோதனைக்குச் சற்று முன்தான் சம அளவில் கலக்க வேண்டும்.

அமெரிக்க வேதியியலாளர் ஸ்டான்லி ராசிட்டர் பெனடிக்ட் 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் இதை இன்னும் எளிதாக்கினார். டார்ட்ரேட்டுக்குப் பதில் சோடியம் சிட்ரேட். கடுமையான சோடியம் ஹைட்ராக்சைடுக்குப் பதில் மென்மையான சோடியம் கார்பனேட். ஒரே புட்டியில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். சிறுநீரில் குளுக்கோஸ் இருக்கிறதா என்று பார்க்க இந்தக் கரைசலைத்தான் மருத்துவமனைகள் பல பத்தாண்டுகள் நம்பியிருந்தன. ஒரு வேதியியல் வினை இத்தனை நோயாளிகளுக்குப் பயன்பட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் அந்த நீலப் புட்டியின் மீது எனக்கு மரியாதை கூடுகிறது.

5 மில்லி லிட்டர் பெனடிக்ட் கரைசலில் 8 துளி சர்க்கரைக் கரைசலை விட்டு, கொதிநீரில் சில நிமிடம் வைத்துப் பாருங்கள். சர்க்கரை மிகக் குறைவாக இருந்தால் கரைசல் பச்சையாகும். சற்றுக் கூடினால் மஞ்சள், பிறகு ஆரஞ்சு, நிறைய இருந்தால் செங்கல் சிவப்பு. பச்சை தனி நிறப்பொருளில்லை. கொஞ்சமே உருவான மஞ்சள் துகள்கள், இன்னும் மிஞ்சியிருக்கும் நீலக் கரைசலில் மிதப்பதால் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது. குழாயை அசையாமல் வைத்தால் துகள்கள் அடியில் படிந்து, மேலே நீலம் தனியாகப் பிரிவதைப் பார்க்கலாம். நிறத்தை வைத்துச் சர்க்கரையின் அளவைக் குத்துமதிப்பாகச் சொல்லும் வழக்கம் இப்படி வந்ததே.

இங்கே நல்ல மாணவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். ஃப்ரக்டோஸில் இருப்பது கீட்டோன் ஆயிற்றே. கீட்டோன் இப்படி எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையாதே. பிறகு ஏன் ஃப்ரக்டோஸும் சிவப்பைத் தருகிறது? கேட்க வேண்டிய கேள்விதான். கார ஊடகத்தில் ஃப்ரக்டோஸ் சும்மா இருப்பதில்லை. முதல் கார்பனில் இருந்து ஒரு ஹைட்ரஜனை இழந்து, முதல் இரண்டு கார்பன்களுக்கும் இடையே இரட்டைப் பிணைப்புள்ள ஈன்டையால் என்ற இடைநிலைக்குப் போகிறது. அங்கிருந்து குளுக்கோஸாகவும், மேனோஸ் என்ற இன்னோர் ஆறு கார்பன் ஆல்டோஸாகவும் திரும்ப முடியும். பெனடிக்ட் கரைசலின் காரமே ஃப்ரக்டோஸை ஆல்டோஸ் பக்கம் தள்ளிவிடுகிறது. ஆகவே தாமிரச் சோதனை குளுக்கோஸையும் ஃப்ரக்டோஸையும் பிரித்துக் காட்டாது. தேர்வில் இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள்.

சுக்ரோஸ் மட்டும் நீலமாகவே நிற்கும். அதில் குளுக்கோஸின் முதல் கார்பனும் ஃப்ரக்டோஸின் இரண்டாவது கார்பனும் ஆக்சிஜன் வழியே ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. வளையம் திறக்கும் இடம் இரண்டிலும் அதுவேதான். இரண்டு கதவுகளையும் ஒன்றோடொன்று சேர்த்துத் தாழிட்டது போல. லாக்டோஸிலும் மால்டோஸிலும் ஒரு பக்கத்துக் கதவு மட்டுமே பிணைப்பில் மாட்டியிருக்கிறது; மற்றது திறக்கும். அதனால் அவை ஒடுக்கும் சர்க்கரைகள்.

சுக்ரோஸின் தாழையும் திறக்கலாம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சில நிமிடம் கொதிக்கவைத்தால் பிணைப்பு அறுந்து குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் சம அளவில் கிடைக்கும். ஆறவிட்டு, சோடியம் கார்பனேட்டைச் சிறிது சிறிதாகப் போட்டு, நுரை நிற்கும்வரை நடுநிலையாக்கி, பிறகு பெனடிக்ட் சோதனை செய்தால் சிவப்பு வரும். நடுநிலையாக்க மறந்தால் மிஞ்சிய அமிலம் பெனடிக்டின் காரத்தை அழித்துவிடும். சிவப்பு வராது, சோதனையின் மீது பழி விழும். முன்னால் நீலம், அமிலத்துக்குப் பிறகு சிவப்பு என்ற இந்த ஜோடிதான் சுக்ரோஸின் கையெழுத்து.

என் மாணவப் பருவத்தில் சுக்ரோஸ் கரைசல் எனக்கு மஞ்சள் கலந்த பச்சையைத் தந்தது. அமிலம் எதுவும் சேர்க்கவில்லை. மறுபடி செய்தேன்; மறுபடியும் பச்சை. புத்தகத்தில் நீலம் என்றிருக்க என் கண் முன்னால் பச்சை நிற்கிறது. அன்று எங்களுக்குக் கற்பித்தவர், சர்க்கரைக்குப் பதில் வாலைவடிநீரைப் போட்டுச் செய்து பார் என்றார். அதே துளிப்பானால் வாலைவடிநீரை விட்டேன். அதுவும் லேசாகப் பச்சையானது. தண்ணீரில் ஏது சர்க்கரை? துளிப்பானை முன்னதாகக் குளுக்கோஸ் புட்டியில் போட்டு எடுத்திருந்தேன். அதன் ரப்பர் குமிழுக்குள் ஏறிய ஒரு சொட்டு அங்கேயே தங்கியிருந்தது. அன்றிலிருந்து எந்தச் சோதனையோடும் வெறும் நீரில் ஒன்று, தெரிந்த சர்க்கரையில் ஒன்று என இரண்டு ஒப்பீட்டுக் குழாய்களை வைக்காமல் நான் நிறத்தை நம்புவதில்லை. வைட்டமின் சி, யூரிக் அமிலம் போன்றவையும் பெனடிக்ட் கரைசலைச் சிவக்கவைக்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரான் தரக்கூடிய எதையும் தாமிரம் வரவேற்கும்.

டாலன்ஸ் சோதனையும் இதே கேள்வியைக் கேட்கிறது. தாமிரத்தின் இடத்தில் வெள்ளி, அவ்வளவே. சில்வர் நைட்ரேட் கரைசலில் சில துளி சோடியம் ஹைட்ராக்சைடு விட்டுப் பழுப்பு வீழ்படிவை உண்டாக்கி, அது கரையும் வரை அம்மோனியாவைத் துளித்துளியாகச் சேர்த்தால் வினைப்பான் தயார். சர்க்கரையைச் சேர்த்து வெந்நீரில் வைத்தால், சுத்தமான குழாயின் உட்சுவரில் வெள்ளி படிந்து முகம் பார்க்கும் கண்ணாடியாகும். குழாயில் கொஞ்சம் எண்ணெய்ப் பசை இருந்தால் கண்ணாடிக்குப் பதில் கருந்தூள்தான் கிடைக்கும். கண்ணுக்கு அழகான சோதனை, ஆனால் ஃப்ரக்டோஸும் இதில் ஆம் என்றே சொல்லும். புதிதாக எதையும் கற்றுத்தராது. மீந்த டாலன்ஸ் கரைசலைப் புட்டியில் எடுத்து வைக்கவே கூடாது. அது உலரும்போது வெடிக்கும் பொருள் உருவாகும். வேலை முடிந்தவுடன் நீர்த்த அமிலம் சேர்த்து அழித்துவிட வேண்டும்.

கடிகாரத்தைப் பார்த்துச் செய்பவை

அடுத்த கேள்வி: ஒடுக்கும் சர்க்கரைதான், ஆனால் ஒற்றையா இரட்டையா? டேனிஷ் வேதியியலாளர் பார்ஃபோட் 1873-இல் தாமிரச் சோதனையை அமில ஊடகத்துக்கு மாற்றினார். காப்பர் அசிட்டேட்டும் அசிட்டிக் அமிலமும் சேர்ந்த கரைசல் அது. அமிலத்தில் சர்க்கரையின் ஒடுக்கும் வலிமை குறைந்துவிடும். வேகமாக வினைபுரியும் ஒற்றைச் சர்க்கரைகள் கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் சிவப்பைத் தந்துவிடும். லாக்டோஸும் மால்டோஸும் பின்தங்கும். ஏழு நிமிடத்துக்கு மேல் ஆகும். சிவப்பு வருகிறதா என்பதைவிட எப்போது வருகிறது என்பதே இங்கே பதில். கடிகாரம் இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். பத்து நிமிடம் கொதிக்கவிட்டால், அந்த அமிலமே இரட்டைச் சர்க்கரையை வெட்ட ஆரம்பித்து ஒற்றை போல வேடமிடும்.

செலிவனாஃப் சோதனை கேட்பது வேறு: ஆல்டோஸா, கீட்டோஸா? ரஷ்ய வேதியியலாளர் செலிவனாஃப் 1887-இல் வெளியிட்டது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்த ரிசார்சினால்தான் வினைப்பான். மோலிஷ் சோதனையின் தம்பி என்று சொல்லலாம். அமிலம் நீரைப் பிடுங்க, கிடைக்கும் ஹைட்ராக்சிமெத்தில் ஃபர்ஃபுரால் ரிசார்சினாலோடு சேர்ந்து செர்ரிப் பழச் சிவப்பாகிறது. கீட்டோஸ் நீரை மிக வேகமாக இழக்கும்; ஆல்டோஸ் தயங்கித் தயங்கி இழக்கும். எனவே ஃப்ரக்டோஸ் ஓரிரு நிமிடத்தில் சிவக்கும்போது குளுக்கோஸ் நிறமற்று நிற்கும். அதிக நேரம் சூடாக்கினால் குளுக்கோஸும் இளஞ்சிவப்பாகும். சுக்ரோஸ்? அமிலத்தில் அறுந்து ஃப்ரக்டோஸைத் தருவதால் அதுவும் சிவக்கும். செலிவனாஃப் ஆம் என்றதும் ஃப்ரக்டோஸ் என்று எழுதிவிட முடியாததற்குக் காரணம் இதுவே.

சூடாக்காமலே இவற்றைப் பிரிக்க புரோமின் நீர் உதவும். ஆல்டோஸ் அதன் செம்பழுப்பு நிறத்தைப் போக்கும், கீட்டோஸ் போக்காது. புரோமின் நீர் லேசான அமிலத்தன்மை கொண்டது, காரம் இல்லை. எனவே ஃப்ரக்டோஸ் குளுக்கோஸாக மாறி ஏமாற்ற வழியில்லை. தாமிரச் சோதனையின் குழப்பத்தைப் புரிந்துகொண்டவர்களுக்கு இது தானாகவே விளங்கும்.

ஐந்து கார்பன் சர்க்கரைகளுக்குப் பியால் சோதனை உண்டு. ஆர்சினால், ஹைட்ரோகுளோரிக் அமிலம், சிறிது ஃபெரிக் குளோரைடு. ரைபோஸ், சைலோஸ் போன்றவை நீலப்பச்சை தரும். ஆறு கார்பன் சர்க்கரைகள் சேற்றுப் பழுப்பு தரும். மாவுச்சத்து இருக்கிறதா என்று அறிய அயோடின் போதும். ஸ்டார்ச்சில் உள்ள அமைலோஸ் சுருள்வில் போல முறுக்கியிருக்கும். அந்தச் சுருளின் உள்ளே அயோடின் வரிசையாகப் போய் உட்கார்ந்தால் கருநீலம். சூடாக்கினால் சுருள் தளர்ந்து நிறம் மறையும்; ஆறினால் திரும்ப வரும். மெனக்கெட்டு ஒருமுறை செய்து பாருங்கள். நிறம் மறைந்து, குழாய் ஆற ஆற அடியிலிருந்து நீலம் மீண்டும் பரவுவதைப் பார்த்தால், சுருளைக் கண்ணால் கண்டது போலவே இருக்கும்.

படிகங்கள்

நிறங்களை விட்டு வடிவங்களுக்கு வருவோம். எமில் ஃபிஷர் 1875-இல் ஃபீனைல் ஹைட்ரசின் என்ற பொருளைக் கண்டுபிடித்தார். அதைச் சர்க்கரையோடு சேர்த்துச் சூடாக்கினால் மஞ்சள் படிகங்கள் கிடைப்பதை 1884-இல் வெளியிட்டார். அவற்றுக்கு ஓசசோன் என்று பெயர். சர்க்கரைக் கரைசல்கள் படிகமாகாமல் பாகாகவே நின்று வேதியியலாளர்களை வாட்டிய காலம் அது. அழகான படிகம் தரும் ஒரு வழி கிடைத்ததும் சர்க்கரை வேதியியல் முழுவதும் திறந்துகொண்டது. சர்க்கரைகளையும் பியூரின்களையும் பற்றிய ஆய்வுக்காக 1902-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஃபீனைல் ஹைட்ரசின் நச்சுப் பொருள். தோலில் படக் கூடாது, ஆவியை முகரக் கூடாது.

குளுக்கோஸின் ஓசசோனை நுண்ணோக்கியில் பார்த்தால் மெல்லிய மஞ்சள் ஊசிகள் கட்டுக்கட்டாக, நெற்கதிர்க் கட்டை நடுவில் இறுக்கிக் கட்டியது போலத் தெரியும். மால்டோஸின் படிகங்கள் அகன்ற இதழ்களோடு சூரியகாந்திப் பூப் போல விரியும். லாக்டோஸின் படிகங்கள் முள்ளம்பன்றி சுருண்டு கிடப்பது போல, நாலா பக்கமும் நுண் ஊசிகள் சிலிர்த்த உருண்டைகளாக இருக்கும். ஒற்றைச் சர்க்கரையின் ஓசசோன் கொதிநீரிலேயே வீழ்படியும். இரட்டைச் சர்க்கரையின் ஓசசோன் வெந்நீரில் கரைந்தே இருக்கும், ஆறினால்தான் வரும். குழாயை அவசரமாகக் குழாய் நீரில் காட்டிக் குளிர்விக்காதீர்கள்; படிகங்கள் பொடியாகி வடிவம் கெட்டுவிடும். தானாக ஆறட்டும். சுக்ரோஸ் ஓசசோன் தராது, காரணம் மேலே சொன்ன தாழ்தான்.

குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், மேனோஸ் மூன்றும் ஒரே ஓசசோனைத் தருகின்றன. அடையாளம் காண வந்தவருக்கு இது ஏமாற்றம். ஃபிஷருக்கோ பெரிய துப்பு. ஓசசோன் உருவாகும்போது முதல் இரண்டு கார்பன்கள் மட்டுமே மாறுகின்றன. மூன்றும் ஒரே படிகம் தருகின்றன என்றால், மூன்றாவது கார்பன் முதல் ஆறாவது வரை மூன்று சர்க்கரைகளின் அமைப்பும் ஒன்றே. பிரித்துக் காட்டாத ஒரு சோதனை, உள்ளே இருக்கும் ஒற்றுமையைக் காட்டிக்கொடுத்தது. எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம் இது.

மறுபடி ஐந்து குழாய்கள்

இப்போது சீட்டு விழுந்த குழாய்களுக்கு வருவோம். ஐந்துமே சர்க்கரை என்று தெரியும், மோலிஷ் தேவையில்லை. ஒவ்வொன்றிலிருந்தும் சிறிதளவு எடுத்து, ஐந்து தனித்தனித் துளிப்பான்களோடு, பெனடிக்ட் சோதனை செய்கிறோம். நான்கு சிவக்கின்றன, ஒன்று நீலமாகவே நிற்கிறது. அது சுக்ரோஸாக இருக்க வேண்டும். ஆனால் வினைப்பானை விட மறந்தாலும், சூடு போதாமல் போனாலும் கூட நீலம் நிற்கும் என்பதால், அதை அமிலத்தில் கொதிக்கவைத்து, நடுநிலையாக்கி மறுபடி பார்க்கிறோம். சிவக்கிறது. சுக்ரோஸ் என்று சீட்டு ஒட்டலாம்.

மீதி நான்கையும் பார்ஃபோட் கரைசலோடு ஒரே நேரத்தில் கொதிநீரில் வைக்கிறோம். மூன்று நிமிடத்தில் வெளியே எடுக்கிறோம். இரண்டில் அடியில் சிவப்புத் தூள். இரண்டு தெளிந்த நீலம். முதல் இரண்டும் ஒற்றைச் சர்க்கரைகள். அவற்றைச் செலிவனாஃப் சோதனைக்கு அனுப்பினால் ஒரு நிமிடத்தில் ஒன்று செர்ரிச் சிவப்பாகிறது. அது ஃப்ரக்டோஸ், மற்றது குளுக்கோஸ்.

லாக்டோஸும் மால்டோஸும் மிஞ்சுகின்றன. இவற்றைப் பிரிக்க நிறச் சோதனை எதுவும் நம்பகமாக உதவாது. இரண்டும் ஒடுக்கும், இரண்டும் இரட்டை, இரண்டும் ஆல்டோஸ். ஓசசோன் வினைப்பானைச் சேர்த்து அரை மணி நேரம் கொதிநீரில் வைத்து, குழாய்களைத் தாங்கியில் நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறோம். கரைசல் ஆறும்போது மஞ்சள் மேகம் ஒன்று மெல்ல இறங்கும். கண்ணாடிக் குச்சியால் ஒரு துளியை எடுத்து வில்லையில் வைத்து, மேலே மூடுவில்லையைப் போட்டு, நுண்ணோக்கியின் குறைந்த உருப்பெருக்கத்தில் குவிக்கிறோம். முதலில் மங்கலான மஞ்சள் திட்டு. திருகை இன்னும் கொஞ்சம் திருப்ப, ஒரு வில்லையில் இதழ்கள் விரிகின்றன. அடுத்த வில்லையில் முட்கள் சிலிர்க்கின்றன. கடைசி இரண்டு சீட்டுகளையும் எழுதிவிடலாம்.